யூ.பி.எஸ். இருந்தால் போதுமா?

1996 ஆகஸ்ட் 3-ஆம் தேதி மாலையை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். திரெங்கானுவில் பாக்கா மின்நிலையப் பக்கம் தொடங்கிய கோளாறு பிரிக்பீல்ட்ஸ் கடைவீதி வரை வந்து, தீபகற்பத்தையே இருளில் தள்ளியது. 2005 ஜனவரி 13-ஆம் தேதி பட்டப்பகலில் கிள்ளான் பள்ளத்தாக்கு மீண்டும் மின்சாரமின்றி நின்றது. கடைக்காரருக்கு அது வியாபார நட்டம். ஆனால், கருத்துக் களத்தில் கிள்ளானைச் சேர்ந்த ஓர் அம்மா கேட்ட கேள்வி வேறு மாதிரி.

"வீட்டுக்காரருக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடுது தம்பி. பிள்ளையோட கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்.ஸில் மாட்டினா தாங்குமா?"

பேட்டரி தருவது ஒரே சீரான நேர்மின்சாரம். வீட்டுக்கு வருவதோ வினாடிக்கு 50 முறை ஏறி இறங்கும் அலை. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதுதான் யூ.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் இன்வெர்ட்டர். அதிலுள்ள மின்னணு சுவிட்சுகள் வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும். அவை மின்சாரத்தைக் கடத்தும் நேரம் கூடினால் வோல்ட் ஏறும், குறைந்தால் இறங்கும். பிறகு ஒரு கம்பிச்சுருளும் கப்பாசிட்டரும் அதை மழமழப்பாக்கிவிடும்.

எப்போது திறப்பது, எப்போது மூடுவது? முன்பு இதை மின்தடைகளும் கப்பாசிட்டர்களும் கொண்ட சர்க்யூட் தீர்மானித்தது. சூட்டிலும் வயதிலும் அவற்றின் அளவு நழுவும். இன்று நல்ல யூ.பி.எஸ்.களில் ஒரு சிப் கணக்குப் போடுகிறது. வினாடிக்கு 20,000 முறை சுவிட்ச் போடும் கருவியில் ஒவ்வோர் அலைக்கும் 400 முடிவுகள். ஒரு முடிவுக்கு வினாடியின் இருபதாயிரத்தில் ஒரு பங்கு நேரம். இப்போது அளந்தது அடுத்த படியில்தான் செயலுக்கு வரும். பெடரல் நெடுஞ்சாலையில் முன்னால் போகும் காரைப் பார்த்து, பிரேக்கில் கால் வைக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணிக்கிறோமே, அதுபோல சிப்பும் முன்கூட்டியே கணிக்க வேண்டும்.

கம்ப்யூட்டர்கள் அலையின் உச்சியில் மட்டும் மின்சாரத்தை இழுத்து அதைத் தட்டையாக்கும் குணமுள்ளவை. ஒவ்வோர் அலையிலும் அதே இடத்தில் அதே கோணல். மிருதங்க மாணவன் ஓர் ஆவர்த்தனத்தில் தவறிய இடத்தை அடுத்த ஆவர்த்தனத்தில் பிடிப்பதுபோல, சிப்பும் போன அலையின் பிழையை நினைவில் வைத்து அடுத்த அலையில் திருத்தும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருவோம். மலிவான கம்ப்யூட்டர் யூ.பி.எஸ். பலவும் பேட்டரியில் ஓடும்போது படிக்கட்டு போன்ற அலையைத்தான் தரும். கம்ப்யூட்டர் பொறுத்துக்கொள்ளும், மோட்டார் இரையும், சூடாகும். மெஷினின் கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். சிப் உடனே சுவிட்சுகளைக் காப்பாற்ற மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் அல்லது நிறுத்திவிடும். யூ.பி.எஸ். பிழைக்கும், மெஷின் கிளம்பாது.

சிப் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் பேட்டரியில் இல்லாததைத் தர முடியாது. சிறிய யூ.பி.எஸ்.ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றுதான். பெருக்கினால் 84 வாட்-மணி. மெஷின் 350 வாட் இழுத்தால் கணக்குப்படி 14 நிமிடம். அவ்வளவு வேகமாக உறிஞ்சும்போது அதில் பாதி கிடைத்தாலே பெரிது. நம் ஊர் சூடு வேறு: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இந்த ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது.

ஆகவே கடையில் "எத்தனை வி.ஏ.?" என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை வாட், சைன் அலையா, மோட்டார் கிளம்பும் சுமையைத் தாங்குமா, இந்த மெஷினோடு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். மெஷினைக் கொடுத்தவரிடமும் கேளுங்கள். நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அதை மாற்றிப் பொருத்த வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்கட்டும். வாங்கிய பின் மருத்துவரைக் கேட்டு, நோயாளி சிலிண்டரில் இருக்கும்போது, யூ.பி.எஸ்.ஸுக்கு வரும் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, மெஷின் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள்.