பேஸ் கிட்டாரில் ஒரே இரைச்சலா? புதுசு வாங்கும் முன் இந்த 4 சோதனைகளைச் செஞ்சு பாருங்க!

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில், மணப்பாறையைத் தாண்டினால் வரும் ஊர் வையம்பட்டி. அங்கே இருக்கும் என் பெரியப்பா மகன், திருவிழா மேடைகளில் வாசிக்கும் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார் கலைஞர். போன மாசம் ஒரு நாள் போன் பண்ணினார்.

"தம்பி, கையில 25,000 ரூபா சேர்த்து வச்சிருக்கேன். கிளீனா சத்தம் வர்ற மாதிரி ஒரு பேஸ் கிட்டார் பார்த்துச் சொல்லு."

"இருக்கறதுக்கு என்னண்ணே?"

"ஒரே இரைச்சல். என்ன நோட்டு வாசிக்கிறேன்னே வெளிய தெரிய மாட்டேங்குது. கீபோர்டு வாசிக்கிற பையன், 'பேஸை நானே இடது கையில போட்டுக்கறேன்'னு சொல்ல ஆரம்பிச்சுட்டான்."

அந்தக் கடைசி வரிதான் விஷயம். சின்னக் குழுக்களில் ஓர் ஆள் குறைந்தால் ஒரு சம்பளம் மிச்சம். டோன் சரியில்லை என்பது அண்ணனுக்கு அழகு சார்ந்த பிரச்னை இல்லை, மேடையில் அவர் நிற்கும் இடம் சார்ந்த பிரச்னை. அவருக்காகத் தேடியதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பேஸ் கேட்கவில்லை என்றால் என்ன ஆகும்?

பாட்டில் தாளத்தையும் ராகத்தையும் ஒட்டவைக்கும் பசை பேஸ். நம்ம ஊர்ப் பாடல்களில் அதன் வேலை இன்னும் அதிகம். இளையராஜாவின் பல பாடல்களில், சசிதரன் வாசித்த பேஸ் தனியாக இன்னொரு மெட்டு போலவே நடந்து போகும். ஏ.ஆர்.ரஹ்மானுக்கு கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். 'கோ' படத்தில் 'என்னமோ ஏதோ' பாடிய ஆலாப் ராஜுகூட அடிப்படையில் பேஸ் கலைஞர்தான். இப்படிப்பட்ட பாடல்களை மேடையில் வாசிக்கும்போது ஒவ்வொரு நோட்டும் பிரிந்து கேட்கணும். கொழகொழவென்று ஒன்றாகக் கலந்தால் பாட்டே மாறிவிடும்.

50 ஹெர்ட்ஸ்: வீட்டுக்குள்ளேயே இருக்கும் வில்லன்

நான்கு கம்பி பேஸில் கம்பிகளின் அதிர்வெண் சுமாராக இப்படி இருக்கும்: இ 41, ஏ 55, டி 73, ஜி 98 ஹெர்ட்ஸ். நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஒயரிங், டிரான்ஸ்பார்மர், சீரியல் லைட் போர்டு எல்லாமே இந்த 50-ஐயும், அதன் மடங்கான 100-ஐயும் 'ம்ம்ம்' என்று சுற்றிலும் பரப்பிக்கொண்டே இருக்கின்றன.

இப்போது கணக்கைப் பாருங்கள். இ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி நோட்டு 49 ஹெர்ட்ஸ். இரைச்சல் 50. இரண்டும் சேர்ந்தால், கிட்டத்தட்ட வினாடிக்கு ஒருமுறை சத்தம் ஏறி இறங்கித் தள்ளாடும். சும்மா தட்டும் ஜி கம்பியோ 98, அதாவது 100-க்குப் பக்கத்து வீடு. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே வேறு நோட்டுகள் மாட்டும். இங்கே மாட்டுவது ஜி!

வாங்கும் முன் 4 சோதனைகள்

1. கிட்டாரின் வால்யூமை முழுசாகக் குறையுங்கள். அப்போதும் 'ம்ம்ம்' வருகிறதா? கேபிளை ஆம்பிலிருந்து உருவிப் பாருங்கள். அப்புறமும் நிற்கவில்லை என்றால் குற்றவாளி ஆம்ப் அல்லது கரன்ட் லைன். புதுக் கிட்டார் வாங்கினாலும் இரைச்சல் கூடவே வரும்.

2. வால்யூமை ஏற்றிவிட்டு, நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு திசையில் கூடி, இன்னொரு திசையில் குறைந்தால் பிக்-அப்தான் காரணம். காந்தத்தைச் சுற்றி ஒரே ஒரு கம்பிச்சுருள் உள்ள 'சிங்கிள் காயில்' பிக்-அப், கம்பியின் அதிர்வோடு காற்றில் இருக்கும் இரைச்சலையும் பிடித்துவிடும்.

3. கேபிளை ஆட்டும்போது 'கரகர' வந்தால், கேபிளோ ஜாக்கோ லூஸ். ஒரு சால்டரிங்கில் முடியும் வேலை இது.

4. கம்பியைக் கவனியுங்கள். வியர்வையும் அழுக்கும் ஏறிய பழைய கம்பியில் மேல் அதிர்வுகள் செத்துவிடும். நோட்டின் முனையைக் காட்டுவதே அவைதான். 'மங்கிப்போச்சு' என்று சொல்லப்படும் பேஸ்களில் நிறைய, புதுக் கம்பி போட்டதும் வாய் திறந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. இரைச்சல் குறையும் என்று யாராவது மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை எடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில், லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு, மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். ஜெனரேட்டரில் ஓடும் நம் ஊர்ப் பந்தல் மேடைகளுக்கும் இது பொருந்தும்.

சரி, மாற்றித்தான் ஆகணும். எதைப் பார்க்கணும்?

முதலில் பிக்-அப். 1951-ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்'தான் இன்றைய எலெக்ட்ரிக் பேஸ்களுக்கு முன்னோடி. 1957-ல் அதன் பிக்-அப்பை இரண்டு துண்டாகப் பிரித்தார்கள். இரண்டு துண்டுகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டதால், கம்பியின் ஒலி தங்கும், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். கடையில் 'பி' டைப் என்பார்கள்.

1960-ல் வந்த 'ஜாஸ் பேஸ்' வகைக்கு இரண்டு சிங்கிள் காயில். குரல் இன்னும் கூர்மை. இரண்டு வால்யூமையும் சமமாக வைத்தால் இரைச்சல் அடங்கும். ஒன்றை மட்டும் வைத்தால் திரும்ப வரும். 'ஹம்பக்கர்' என்றால் இரட்டைச் சுருள். சத்தம் தடிமன், இரைச்சல் குறைவு.

அடுத்தது ஆக்டிவா, பாஸிவா? ஆக்டிவ் பேஸுக்குள் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன ப்ரீ-ஆம்ப் இருக்கும். நீள கேபிளிலும் தெளிவு குறையாது, மேடையிலேயே டோனைத் திருத்தலாம். ஆனால் கேபிளைச் செருகி வைத்தாலே பேட்டரி கரையும். பாதிக் கச்சேரியில் தீர்ந்தால் கதை முடிந்தது. பாஸிவில் அந்தக் கவலையே இல்லை.

மூன்றாவது நெக். இறுக்கிக் கட்டிய நான்கு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். நெக் வளைந்தால் உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடைத் திருப்பிச் சரிசெய்யலாம். முறுக்கிக்கொண்டால் கஷ்டம்தான். நீளத்தில் 34 அங்குலம் பாருங்கள். 30 அங்குலத்தில் இ கம்பி தளர்ந்து, சத்தம் உருண்டையாக வரும்.

கிளீன் டோன்தான் உசத்தி என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வழவழப்பான ஃப்ளாட்வூண்ட் கம்பிகளை அறுந்தாலொழிய மாற்றாதவர். அந்த மந்தமான 'தும்' ஒலியை உலகமே கொண்டாடியது. உங்கள் குழுவின் பாட்டுக்கு எது வேண்டும் என்பதே கேள்வி.

கடையில் செய்ய வேண்டியவை

* உங்கள் கேபிளையே கொண்டு போங்கள். ஆம்பின் எல்லா டோன் குமிழ்களையும் நடுவில் வைக்கச் சொல்லுங்கள்.
* தச்சர் பலகையைப் பார்ப்பது போல, தலைப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடி நெக்கைப் பாருங்கள்.
* எல்லா ஃப்ரெட்டிலும் ஒருமுறை அழுத்தி வாசியுங்கள். 12-வது ஃப்ரெட்டில் ட்யூனர் சரியான நோட்டைக் காட்டுகிறதா?
* இ கம்பியில் அந்த 49 ஹெர்ட்ஸ் ஜி-யைப் பிடித்து, நீளமாக விட்டுக் கேளுங்கள். தள்ளாடினால் யோசியுங்கள்.
* போன் ஸ்பீக்கரில் டெமோ வீடியோ பார்த்து முடிவு பண்ணாதீங்க. 41 ஹெர்ட்ஸை அந்தக் குட்டி ஸ்பீக்கரால் தரவே முடியாது. மேல் அதிர்வுகளை வைத்து மிச்சத்தை நம் மூளைதான் நிரப்பிக்கொள்கிறது.

அண்ணன் என்ன செய்தார்?

நான்கு சோதனைகளையும் வீடியோ காலில் செய்தோம். கம்பி போட்டு மூணு வருஷம் ஆகியிருந்தது. ஜாக் லூஸ். இரண்டையும் சரிசெய்ததில் மங்கலும் கரகரப்பும் போயின. ஆனால் சீரியல் செட் பக்கம் திரும்பினால் 'ம்ம்ம்' மட்டும் அப்படியே இருந்தது. நெக்கைக் கேமராவில் காட்டச் சொன்னேன். லேசாக முறுக்கியிருந்தது.

மாற்றத்தான் வேண்டும் என்று அப்புறம்தான் முடிவானது. அதற்குள் எதைக் கேட்பது என்று அவருக்கே தெரிந்திருந்தது. பழைய கேபிளைப் பையில் சுற்றிக்கொண்டு திருச்சிக்கு பஸ் ஏறினார். பளபளப்பான ஆக்டிவ் மாடலை எடுக்கச் சொன்னார்களாம். இவர் ஒருத்தர் வாசித்த பழைய 'பி' டைப் பாஸிவ் பேஸ் ஒன்றைப் பட்ஜெட்டுக்குள்ளேயே எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தில் இரண்டு செட் கம்பியும் ஒரு நல்ல கேபிளும் வாங்கியிருக்கிறார்.

அடுத்த கச்சேரி முடிந்து ராத்திரி ஒரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் வந்தது.

"பையன் இடது கையைத் தூக்கிட்டான்டா தம்பி. ஸ்ட்ரிங்ஸ் வாசிக்கப் போயிட்டான்."