49ஆம் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறவர்கள்

"கதை ஒன்றுதானே, அதற்கு எதற்கு இத்தனை புத்தகம்?" பிடித்த மிகுபுனைவு நூலைப் பதிப்பு பதிப்பாகத் தேடி வாங்குகிறவர்களிடம் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். அட்டையும் படமும் மட்டுமே மாறுகின்றன, உள்ளே இருப்பது என்றும் ஒன்றே என்ற நம்பிக்கையில் அதைக் கேட்கிறார்கள். ஆனால் உள்ளே இருப்பதும் மாறுகிறது. சில நேரம் ஓர் எழுத்து, சில நேரம் ஓர் அத்தியாயம்.

இதற்கு ஜே. ஆர். ஆர். டோல்கீனின் நூல்களைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் அவர். அவருடைய 'தி ஹாபிட்' தட்டச்சுப் பிரதியாக வந்தபோது, லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் அதைத் தன் பத்து வயது மகன் ரெய்னரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பையன் பாராட்டி ஒரு மதிப்புரை எழுதிக் கொடுத்து ஒரு ஷில்லிங் கூலி வாங்கிக்கொண்டான். ஜார்ஜ் ஆலன் அண்ட் அன்வின் நிறுவனம் 1937 செப்டம்பர் 21 அன்று நூலை வெளியிட்டது. அச்சிட்டவை 1,500 பிரதிகள்.

அந்தப் பிரதியின் உருவத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிர்பச்சைத் துணி பைண்டிங். அதன்மேல் கருநீலத்தில் மலைத்தொடரும் டிராகனும். அட்டையைத் திறந்தால் முன்னும் பின்னும் சிவப்பு கறுப்பில் வரைபடங்கள். நூலைச் சுற்றும் மேலுறையையும் டோல்கீனே வரைந்தார்: அடர்ந்த காடு, பனிமூடிய சிகரங்கள், ஒருபுறம் சூரியன், மறுபுறம் நிலா. சூரியன் சிவப்பாக இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். இன்னொரு நிறம் சேர்த்தால் செலவு ஏறும் என்று பதிப்பகம் மறுத்துவிட்டது. மேலுறையின் பின்மடிப்பில் ஆங்கில எழுத்தாளர் லூயிஸ் கரோலின் இயற்பெயரான டாட்ஜ்சன் ஓர் எழுத்து கூடுதலாக அச்சாகிவிட்டது. பதிப்பகத்தார் பேனாவை எடுத்து, பிரதி பிரதியாக அந்த எழுத்தை மையால் அடித்தார்கள். முதல் அச்சுப் பிரதி ஒன்று கைக்கு வந்தால், விவரம் தெரிந்தவர் அந்த மடிப்பை விரித்து மைக்கோட்டைத்தான் தேடுவார். எண்பது வருடத்துக்கும் முன்னால் ஒருவர் மேசையில் உட்கார்ந்து இழுத்த கோடு அது.

1,500 பிரதிகளும் அந்த ஆண்டு முடிவதற்குள் தீர்ந்துபோயின. உடனே வந்த இரண்டாம் அச்சில் டோல்கீனின் வண்ணப் படங்கள் சேர்ந்தன. அதில் ஒரு பகுதி 1940இல் லண்டன்மீது நடந்த குண்டுவீச்சில் பைண்டரின் கிடங்கோடு எரிந்தது.

இங்கே ஓர் அடிப்படை விஷயம். அச்சுக்குக் கோத்த எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மறுபடி அடித்தால் அது மறு அச்சு. பாடத்தைத் திருத்தியோ புதிதாகக் கோத்தோ அடித்தால்தான் புதிய பதிப்பு. நம் ஊரில் பல பதிப்பகங்கள் ஒவ்வொரு மறு அச்சையும் பதிப்பு என்றே போட்டுவிடுவதால் இந்த வேறுபாடு நமக்கு எளிதில் பிடிபடுவதில்லை. சேகரிப்பவருக்கோ இதுதான் அரிச்சுவடி. ஆகவே தலைப்புப் பக்கத்தின் பின்புறம் உள்ள நூல் விவரத்தை முதலில் பார்க்க வேண்டும். பிற்கால ஆங்கில நூல்களில் அங்கே 10 முதல் 1 வரை ஓர் எண்வரிசை இருக்கும். ஒவ்வொரு அச்சின்போதும் ஓர் எண்ணை எடுத்துவிடுவார்கள். மிஞ்சியதில் சிறிய எண் எதுவோ, கையில் இருப்பது அத்தனையாவது அச்சு.

மறு அச்சுகளைத் தாண்டி, டோல்கீன் ரசிகர்களைப் பைத்தியமாக அலையவிடுவது 1951இல் வந்த இரண்டாம் பதிப்பு. மாற்றம் ஐந்தாம் அத்தியாயத்தில். குகை இருட்டில் வழி தவறிய பில்போ என்ற ஹாபிட், அதாவது கதையின் குள்ள மனித இனத்தவன், அங்கே வாழும் கோல்லம் என்ற பிராணியுடன் விடுகதைப் போட்டியில் இறங்குகிறான். சற்றுமுன் தரையைத் தடவியபோது அகப்பட்ட ஒரு மோதிரம் அவன் பையில் இருக்கிறது. அது கோல்லத்தினுடையது என்று அவனுக்குத் தெரியாது. 1937 பதிப்பில், தான் தோற்றால் ஒரு பரிசு தருவதாகக் கோல்லம் வாக்களிக்கிறது. அந்தப் பரிசு அதே மோதிரம்தான். தோற்றதும் எடுத்துவரப் போகிறது, காணவில்லை. வாக்குத் தவறிவிட்டோமே என்று தவித்து, திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்கிறது. பதிலுக்கு வெளியேறும் வழியைக் காட்டச் சொல்கிறான் பில்போ. கோல்லமும் காட்டிவிட்டு, பெரிய பகையில்லாமல் விடைபெற்றுப் போகிறது.

இதற்குப் பிறகு டோல்கீன் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுத உட்கார்ந்தார். அதில் அந்த மோதிரம், வைத்திருப்பவனை அடிமையாக்கும் கொடிய சக்தியாக வளர்ந்துவிட்டது. அப்படிப்பட்டதை யாராவது பந்தயத்தில் வைப்பார்களா? 1947இல் அவர் அத்தியாயத்தை மாற்றி எழுதி, இப்படி இருந்தால் எப்படி என்று பதிப்பகத்துக்கு அனுப்பினார். பல மாதங்கள், பிறகு வருடங்கள், அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 1950இல் மறு அச்சுக்கான பிழைதிருத்தப் படிகள் வந்தபோது புதிய அத்தியாயம் அதில் கோக்கப்பட்டே இருந்தது. அவருக்கே வியப்பு. இனி கதை இதுதான் என்று ஏற்றுக்கொண்டார். நாம் இன்று படிக்கும் கோல்லம் இந்தப் பாடத்தில் வருவது: தோற்றபின் கொல்லத் துணிந்து, மோதிரம் போனது தெரிந்ததும் திருடன் என்று அலறித் துரத்தும் கோல்லம். வாளோடு நிற்கும் பில்போ இரக்கப்பட்டு அதைக் கொல்லாமல் தாண்டிக் குதிக்கும் இடமும் இதில்தான். பின்னால் வரும் பெருங்கதை முழுவதும் அந்த இரக்கத்தின்மேல் நிற்கிறது. 1937இல் அது இல்லவே இல்லை.

பழைய பாடத்தை டோல்கீன் மறைத்துவிடவில்லை. மோதிரத்தின் பிடி அப்போதே பில்போமேல் விழுந்துவிட்டது, அதனால் அவன் நண்பர்களிடம் பொய் சொன்னான், தன் குறிப்பேட்டிலும் பொய்யையே எழுதினான் என்று 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நூலின் முன்னுரைப் பகுதியில் விளக்கம் வைத்தார். அதாவது முதற்பதிப்பு வைத்திருப்பவர் கையில் இருப்பது, கதைக்குள்ளேயே பில்போ சொன்ன பொய்யின் பிரதி. பதிப்புப் பிழையைக் கதையாக்கிய இந்த இடத்துக்காகவே அவரை நான் பெரிய கலைஞர் என்பேன்.

'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954 ஜூலை முதல் 1955 அக்டோபர் வரை மூன்று தொகுதிகளாக வந்தது. ஒரே நாவலை மூன்றாகப் பிரித்ததற்குக் காரணம் போருக்குப் பிந்தைய காகித விலை. மதிப்புரை எழுதிய பையன் ரெய்னர் இப்போது பதிப்பகத்தில் வேலை பார்த்தார். ஆயிரம் பவுண்டு நட்டம் வரலாம் என்று கணக்கிட்டும் துணிந்தார். அச்சுக்கோப்பவர்களோ டோல்கீன் தெரிந்தே வைத்த எழுத்துக்கூட்டலை அகராதிப்படி 'திருத்தி' விட்டார்கள். அவர் போராடி மீட்டார். முதல் தொகுதி விற்றுத் தீர்ந்ததும் இன்னொரு கூத்து நடந்தது. அச்சகத்தார் கோத்த எழுத்தை ஏற்கெனவே கலைத்துவிட்டிருந்தார்கள். ஆசிரியரிடமும் சொல்லாமல் பதிப்பகத்திடமும் சொல்லாமல் மறுபடி கோத்து அடித்தார்கள். மறு அச்சு என்ற பெயரில் புதுப் பிழைகளோடு ஒரு புதுப் பதிப்பு!

மூன்றாம் தொகுதியில் 49ஆம் பக்கம் தனிக்கதை. பெரிய தாளின் இருபுறமும் பக்கங்களை அடித்து மடித்தால் ஒரு ஃபாரம். இங்கே ஃபாரத்துக்கு 16 பக்கம். மூன்று ஃபாரம் முடிந்தால் 48 பக்கம். ஆக 49ஆம் பக்கம் நான்காம் ஃபாரத்தின் தொடக்கம். பைண்டர் வரிசை தவறாமல் அடுக்குவதற்காக அதன் அடியில் சிறியதாக 4 என்று போடுவது வழக்கம். முதல் அச்சுப் பிரதிகள் சிலவற்றில் அந்த 4 இருக்கிறது. கூடவே அந்தப் பக்கத்து வரிகள் நேராக நிற்காமல் தொய்ந்து கிடக்கின்றன. இறுக்கிக் கட்டிய ஈய எழுத்துகள் இயந்திரத்தில் ஓடும்போது தளர்ந்துவிட்டன. வேறு சில பிரதிகளில் வரிகள் நேர், 4 இல்லை. எது முந்தியது என்பதில் சேகரிப்பாளர்களிடையே பெரிய வாதமே நடந்தது. பழைய புத்தகக் கடையில் ஒருவர் கதையைப் படிக்காமல் நேராக 49ஆம் பக்கத்தைத் திறக்கிறார் என்றால், அவர் தேடுவது இதைத்தான்.

விலை உயர்ந்த பிரதிகளில் மட்டும்தான் சுவை என்று எண்ண வேண்டாம். 1965இல் அமெரிக்காவின் ஏஸ் புக்ஸ், பதிப்புரிமைச் சட்டத்தின் ஓட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அனுமதி வாங்காமலே 75 சென்ட் விலையில் மூன்று தொகுதிகளையும் வெளியிட்டது. டோல்கீன் அவசரமாகப் பாடத்தைத் திருத்தி, புதிய முன்னுரை எழுதி, அதே ஆண்டில் பாலன்டைன் நிறுவனத்தின் மூலம் 95 சென்ட் பதிப்பைக் கொண்டுவந்தார். வாசகர்கள் ஆசிரியர் பக்கம் நின்றார்கள்; ஏஸ் பின்னர் அவருக்குப் பணம் கொடுத்து, மறு அச்சு போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் பாருங்கள், டோல்கீன் பின்னால் நீக்கிவிட்ட பழைய முன்னுரையும் திருத்தாத பாடமும் அந்த அனுமதியில்லாப் பதிப்பில்தான் மலிவாகக் கிடைத்தன. பாலன்டைன் 'தி ஹாபிட்' அட்டையிலோ கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சிங்கம். ஓவியர் பார்பரா ரெமிங்டனுக்கு நூலைப் படிக்க அவகாசம் கிடைக்கவில்லை. டோல்கீன் கோபப்பட்டார், பிறகு வந்த அச்சுகளில் சிங்கம் காணாமல்போனது. சிங்கம் உள்ள பிரதியை இன்று விரும்பித் தேடுகிறார்கள்.

படங்கள் பாடத்தையே தொட்டதும் உண்டு. 1962இல் வந்த சுவீடிஷ் பதிப்புக்கு 'மூமின்' கதைகளைப் படைத்த டோவே யான்சன் படம் வரைந்தார். அவர் வரைந்த கோல்லம் பில்போவைவிடப் பல மடங்கு பெரிய உருவம். குற்றம் அவருடையதன்று, நூலில் எங்கும் அதன் அளவு சொல்லப்படவில்லை. 1966இல் வந்த திருத்திய ஆங்கிலப் பதிப்பில் கோல்லம் சிறிய பிராணி என்று ஒரு சொல் சேர்ந்தது. 1977இல் லண்டன் ஃபோலியோ சொசைட்டி வெளியிட்ட 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' பதிப்பில் ஓவியராக இங்காஹில்ட் கிராத்மர் என்ற பெயர் இருக்கும். அது அப்போது டென்மார்க் அரசியாக இருந்த இரண்டாம் மார்கரெத்தின் புனைபெயர்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. டோல்கீன் தன் முன்னாள் மாணவி ஒருவருக்குக் கையொப்பமிட்டுக் கொடுத்த 1937 பிரதி, 2015இல் சோத்பீஸ் ஏலத்தில் 1,37,000 பவுண்டுக்குப் போனது. 2025இல் பிரிஸ்டலில் ஒரு வீட்டைக் காலிசெய்தபோது சாதாரணப் புத்தகங்களோடு கிடந்த மேலுறையில்லாப் பிரதி 43,000 பவுண்டுக்கு விற்றது. மேலுறை இருந்தால் மதிப்பு பல மடங்கு ஏறும். படிப்பவர் முதலில் தூக்கி எறிவது அதைத்தான் என்பதால், மிஞ்சியவை குறைவு.

நம்மிடம் அத்தனை பணம் இல்லை. ஆனால் அன்போடு சேர்த்த பத்துப் புத்தகங்களைக் காப்பாற்றுவதும் பெரிய காரியம்தான். மலிவுப் பதிப்பின் காகிதம் மரக்கூழில் ஆனது. அதிலுள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகும். அமிலம் இழைகளை அறுத்துக் காகிதத்தை நொறுங்கவைக்கும். சென்னை மாதிரி கடற்கரை ஊரில் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை, இராமபாணப் பூச்சி எல்லாம் வரும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் காற்றோடும்படி வையுங்கள். வெயில் படக் கூடாது. கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள். அந்தப் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். மேலுறையை லேமினேட் செய்வதும் தவறு, பாலியெஸ்டர் உறை போதும். புத்தகத்தை எடுக்கும்போது முதுகின் உச்சியில் விரல் வைத்து இழுக்காமல், இருபக்கத்துப் புத்தகங்களையும் சற்று உள்ளே தள்ளி, நடு முதுகைப் பிடித்து எடுங்கள்.

சேகரிக்கத் தொடங்க லட்சங்கள் வேண்டாம். 1937 பதிப்பை அதன் பழைய பாடத்தோடு அப்படியே மறுபதிப்பாக ஹார்பர்காலின்ஸ் 2016இல் கொண்டுவந்தது. அதில் ஒரு பிரதி கிடைத்தால், உங்களிடம் உள்ள சாதாரண 'தி ஹாபிட்'டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டிலும் ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் வரிக்கு வரி படித்துப் பாருங்கள்.