கரியாலூருக்கு 150 படுக்கை வேண்டாம்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. கவனிக்காத பிள்ளைகளிடம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம் என்ற பகுதிதான் ஊரெங்கும் பேசப்பட்டது. அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவை அவ்வளவாக யாரும் புரட்டுவதில்லை. ஆதரவற்ற ஏழை முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒன்றாவது இல்லம் அமைக்கலாம், ஒவ்வொன்றிலும் குறைந்தது 150 பேர் தங்க இடம் இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. 2018 டிசம்பரில் அஸ்வனி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாவட்ட வாரியாக எத்தனை இல்லங்கள் இருக்கின்றன என்று மாநிலங்களிடமிருந்து விவரம் திரட்டுமாறு மத்திய அரசுக்குச் சொன்னது. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கும் மாவட்டத்துக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கு பொருந்தும். பெரிய கட்டடம் என்றால் அது சமவெளியில்தான் எழும்பும். நிலம், ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் அங்கேதான். அதே மாவட்டத்தின் கல்வராயன் மலைமேல் கரியாலூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் முதுமையடைகிறவர்களுக்கு அந்த 150 படுக்கையால் பயன் மிகக் குறைவு என்பதே என் வாதம். அவர்களுக்கு முதலில் வேண்டியது, நடந்து போகும் தூரத்தில் ஒரு வேளை சூடான சாப்பாடு, பேச்சுத்துணை, உடம்பைக் கவனிக்க ஒரு ஆள். இல்லம் கடைசியாக வரட்டும். வரும்போது சிறியதாக, மலைமேலேயே வரட்டும்.

கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அரசு என்ற ஒன்று தாசில்தாராக, ரேஷன் கடையாக, பள்ளிக்கூடமாக மேலே ஏறியது இன்றைய கிழவர்களும் கிழவிகளும் பிறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். ஆகவே பிறந்த தேதிக்கு அத்தாட்சி இல்லாத தலைமுறை இது. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வாழ்க்கை சாமை, குச்சிக்கிழங்கு, கடுக்காய், ஆடு மாடு என்று ஓடியது. அந்த வருமானம் போதாமல் இளையவர்கள் எஸ்டேட் வேலைக்கும் திருப்பூர் போன்ற ஊர்களுக்கும் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி எல்லாம் அதனால் பேச்சுக்கு வந்தன. நல்லதுதான். ஆனால் சாலை வந்தால் முதலில் அதில் இறங்கிப் போகிறவர் இளைஞர். ரேஷன் கார்டில் ஐந்து பெயர் இருக்கும். வீட்டில் இருப்பது ஒரு பாட்டி, பள்ளிக்குப் போகும் ஒரு பேரன். சாலையால் முதியவருக்கு ஆம்புலன்ஸ் கிடைக்கிறது, மகன் தூரமாகிறான். இரண்டும் சேர்ந்தே வரும் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் முன்கூட்டியே கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

பழங்குடிகள் தங்கள் பெரியவர்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள், அங்கே போய் முதியோர் சேவை என்று எதையாவது நுழைத்துக் கெடுக்காதீர்கள் என்று ஒரு மறுப்பு உண்டு. பரிவோடு சொல்லப்படுவது என்பதால் இதை எதிர்ப்பது கொஞ்சம் சங்கடம். பார்த்துக்கொள்ளும் மனம் அங்கே இருக்கிறது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த வழக்கம் எதன்மேல் நின்றது? ஒரே வளவில் நான்கைந்து வீடு, கொல்லைக்குப் போகிறவர்களில் யாராவது ஒருவர் மதியம் திரும்பி வருவது, தண்ணீர் எடுக்க மருமகள், விறகுக்குப் பேத்தி என்று பல கைகள் இருந்ததன்மேல். கைகள் வெளியூர் போய்விட்டால் மனம் மட்டும் சோறு வடிக்காது. போனவர்களைக் குறை சொல்வதிலும் அர்த்தமில்லை. போகாவிட்டால் அந்தப் பாட்டிக்கு மருந்து வாங்கவும் பணமிருக்காது. குடும்பம் இன்னும் செய்ய விரும்புவதையும் செய்ய முடிவதையும் அதனிடமே விட்டுவிட்டு, ஆளில்லாமல் நின்றுபோன வேலைகளை மட்டும் பொதுவில் எடுத்துக்கொள்வதால் எந்த வழக்கமும் கெட்டுவிடாது.

ஓ.ஏ.பி. எனும் முதியோர் உதவித்தொகைதான் கொடுக்கிறோமே என்பது அடுத்த மறுப்பு. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023-இல் 1,200 ரூபாயானது. இதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80-க்கு மேல் 500 ரூபாய், அதுவும் தகுதியுள்ளவர்களுக்கு. மீதியை மாநிலம்தான் சுமக்கிறது. இந்தப் பணத்தின் அருமையைக் குறைத்துப் பேசக் கூடாது. கையில் சொந்தக் காசு இருக்கும் கிழவிக்கு வீட்டில் மரியாதை கூடுகிறது என்பது ஊரறிந்த உண்மை. ஆனால் நகரத்தில் 1,200 ரூபாய் ஒரு மெஸ் சாப்பாட்டையாவது அவ்வப்போது வாங்கித் தரும். மலைமேல் விலைக்குச் சோறு போடுகிற கடை எல்லா ஊரிலும் இல்லை. குளிக்க வைக்க, கை பிடித்து நடத்திச் செல்லக் கூலிக்கு ஆளும் இல்லை. போதாததற்கு, பணம் எடுக்கப் போனால் வேலை செய்து தேய்ந்த விரலில் கைரேகை விழாது, கருவி இருந்தால் சிக்னல் இருக்காது. வயது விஷயத்தில் ஜார்க்கண்ட் ஒரு வழி காட்டியிருக்கிறது: பழங்குடியினருக்கும் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் ஓய்வூதிய வயதை 60-இலிருந்து 50-ஆக இறக்கியது. சான்றிதழ் இல்லாத, உடலுழைப்பால் சீக்கிரம் தளர்ந்துபோகும் மக்களுக்கு அது நியாயம். தமிழ்நாடு இதைப் பார்த்து வெட்கப்பட வேண்டியதில்லை, பின்பற்றினால் போதும்.

பணத்தால் வாங்க முடியாததைத் தரும் இடம் ஒன்று மலையில் ஏற்கெனவே இருக்கிறது. அது சத்துணவு மையம். 1982-இல் குழந்தைகளுக்காகத் தொடங்கிய சத்துணவுத் திட்டம், 1983 ஜனவரியிலேயே முதியோர் ஓய்வூதியம் பெறுபவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பலருக்கு இது மறந்தே போய்விட்டது. பிள்ளைகள் சாப்பிடும் அதே மையத்தில் ஓ.ஏ.பி. வாங்கும் பெரியவருக்கும் தட்டு உண்டு. ஆனால் விதியில் ஒரு முடிச்சு இருக்கிறது: மையத்தில் சாப்பிடுகிறவருக்கு மாதம் 2 கிலோ இலவச அரிசி, சாப்பிடாதவருக்கு 4 கிலோ. கணக்குப் போடத் தெரிந்த எந்த ஏழையும் நான்கு கிலோவை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருப்பார். அரிசியை மிச்சம் பிடிக்கப் போட்ட விதி, ஆட்களை ஒருவரையொருவர் பார்க்காமல் செய்துவிடுகிறது. அந்த இரண்டு கிலோ வித்தியாசத்தை எடுத்துவிட வேண்டும். மையத்துக்கு வருகிறவருக்கும் நான்கு கிலோவே கொடுக்கட்டும். பிறகு அடுப்பு. அது பள்ளி நாளை ஒட்டி எரிகிற அடுப்பு. பள்ளிக்கு லீவு விட்டால் கிழவருக்குப் பசிக்காமலா இருக்கும்? பல்லில்லாத வாய்க்கு முட்டையோடு குழையக் குழைய வடித்த சோறோ, சாமைக் கஞ்சியோ வேண்டும்; அதற்குச் சமையலருக்குக் கூடுதல் நேரக் கூலி வேண்டும். ஏற்கெனவே குறைந்த சம்பளத்தில் இருக்கும் சத்துணவு ஊழியர்கள் தலையில் இதையும் இலவசமாகக் கட்டினால் ஒரே மாதத்தில் திட்டம் பேப்பரோடு நின்றுவிடும்.

சாப்பாட்டை ஒட்டித்தான் மற்றதெல்லாம் சேரும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொண்டுபோய்த் தருவதோடு, படுத்த படுக்கையானவர்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டிலேயே தருகிறது. மலையில் ஒரு செவிலியர் ஒரு நாளில் எத்தனை வீடு ஏற முடியும்? நடக்க முடிகிறவர்கள் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் மையத்துக்கு வந்தால், அவருடைய மீதி நாட்கள் நடக்க முடியாதவர்களுக்குக் கிடைக்கும். அதே நாளில் நகம் வெட்டலாம், முடி திருத்தலாம், கண் பார்க்கலாம், வங்கி முகவர் கருவியோடு வந்து பணம் கொடுக்கலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோரின் வீட்டுக்கே ரேஷன் போகிறது. நல்ல திட்டம்தான், ஆனால் எல்லாவற்றையும் வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் கிழவர் வாசலைத் தாண்ட ஒரு காரணமும் மிஞ்சாது. வர முடியாதவருக்கு வீட்டுக்குப் போகட்டும். வர முடிகிறவர் வர ஒரு இடம் இருக்கட்டும்.

பெரிய இல்லங்களில் நடப்பது என்ன என்பதற்கு உலகில் போதுமான சாட்சி உண்டு. ஆங்கிலேயச் சமூகவியலாளர் பீட்டர் டவுன்செண்ட் 1950-களின் இறுதியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 முதியோர் இல்லங்களுக்குப் போய்ப் பார்த்து, 1962-இல் ஒரு நூல் எழுதினார். சோறும் படுக்கையும் இருந்த இடங்களிலும் செய்ய வேலையில்லாமை, உறவுகள் அறுந்துபோதல், தனக்கென்று ஒரு மூலை இல்லாமை ஆகியவை மனிதர்களை ஒடுக்கியதை அவர் பதிவு செய்தார். 1976-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் எல்லன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு முதியோர் இல்லத்தில் சோதனை நடத்தினார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த நாள் படம் பார்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், இந்தச் செடிக்கு நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள் என்றார்கள். இன்னொரு மாடியில் எல்லாவற்றையும் நர்சுகளே பார்த்துக்கொண்டார்கள். முதல் மாடியினர் கூடுதல் சுறுசுறுப்போடும் மலர்ச்சியோடும் இருந்தார்கள். அவர்களில் இறந்தவர்களும் குறைவு என்று பின்னர் எழுதினார்கள். நூறு பேர்கூட இல்லாத ஆய்வு என்பதால் இறப்புக் கணக்கை நான் பெரிதாக எடுக்க மாட்டேன். ஆனால் தொட்டிச் செடியைக் கொடுத்தே மனிதரை மீட்க வேண்டியிருந்த நிலையைக் கவனியுங்கள். கரியாலூர்ப் பக்கத்துக் கிழவரிடம் ஆடு இருக்கிறது, விதைச் சாமை இருக்கிறது, எப்போது விதைப்பது என்று கேட்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். முடிவெடுக்கும் வேலை அவரிடம் நிறையவே இருக்கிறது. அதையெல்லாம் பிடுங்கிவிட்டு, சமவெளியில் ஒரு கட்டிலைக் கொடுத்து, பிறகு 'பொழுதுபோக்கு நிகழ்ச்சி' என்று டி.வி. வைப்பதை எப்படிச் சேவை என்பது?

அப்படியானால் யாருமே இல்லாதவர், எழுந்து நடக்க முடியாதவர், நினைவு தப்பி இரவில் காட்டுக்குள் இறங்கிவிடுகிறவர் என்ன செய்வார்கள்? என் வாதத்தின் பலவீனமான இடம் இதுதான். மையமும் செவிலியரும் பகலைப் பார்த்துக்கொள்ளலாம். இரவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாதவருக்கு இல்லம் தேவைதான். ஆனால் 150 பேர் என்ற அளவு எதற்கு? தமிழ்நாட்டிலேயே 25 முதியோரும் ஆதரவற்ற 25 குழந்தைகளும் ஒரே வளாகத்தில் தங்கும் ஒருங்கிணைந்த வளாகங்களுக்கு அரசு நிதி தந்திருக்கிறது. அந்த அளவில் ஒன்று கரியாலூரில் இருந்தால் ஊரிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். திருவிழாவுக்கு அழைத்துப் போய்க் கொண்டுவந்து விடலாம். உயிர் பிரிந்தால் பிறந்த ஊரில் சடங்கு நடக்கும். மலைமக்களுக்கு இந்தக் கடைசி விஷயம் சின்ன விஷயமல்ல. பெரிய சிகிச்சைக்கு 2022-இல் திறந்த கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கீழே இருக்கிறது. சிகிச்சைக்கு இறங்கிப் போவது வேறு, குடியிருக்க இறங்கிப் போவது வேறு.

செலவு என்பார்கள். சிதறிக்கிடக்கும் சிற்றூர்களில் தலைக்கு ஆகும் செலவு நகரத்தைவிடக் கூடத்தான் செய்யும், மறைக்க ஒன்றுமில்லை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட 25 அன்புச்சோலை பகல்நேர மையங்கள் சென்னை, மதுரை, கோவை போன்ற மாநகரங்களை நோக்கிப் போனதற்கும் இந்தக் கணக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஒப்பிட வேண்டியது நகரத்து மையத்தோடு அல்ல. புதிதாகக் கட்டடம் எழுப்பி, இரவு பகலாக ஆள் போட்டு, 150 பேருக்கு மூன்று வேளை சமைக்கும் இல்லத்தோடு. மையத்துக்குக் கூரை உண்டு, அடுப்பு உண்டு, பாத்திரம் உண்டு, அரசாணையும் 1983-இலிருந்து உண்டு. மாநில மக்கள்தொகையில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 2021-இல் 13.6 சதவீதம், 2031-இல் 18.2 சதவீதம் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. இந்த வேகத்தில் கட்டில் போட்டுச் சமாளிக்க எந்த மாநிலத்தாலும் முடியாது.

நிதி எந்தப் பக்கம் பாய்கிறதோ அந்தப் பக்கம்தான் அமைப்பும் வளரும் என்பதற்கு அமெரிக்கக் கவுண்டிகளின் கதை உதவும். அங்கே மாவட்டம் போன்ற கவுண்டிகளின் நிர்வாகங்கள் நடத்திய ஏழை விடுதிகளை ஒழிக்க நினைத்து, 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பொது விடுதியில் இருப்பவர்களுக்கு முதியோர் உதவித்தொகை கிடையாது என்றது. முதியவர்கள் வீடு திரும்பிவிடவில்லை. பலர் தனியார் விடுதிகளுக்கு மாறினார்கள், தொகையும் அவர்களோடு அங்கே போனது. 1950-இல் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. 1987-இல் வந்த சட்டம் இல்லவாசிகள் தங்களுக்குள் மன்றம் அமைத்துக்கொள்ளவும், அதன் குறைகளை நிர்வாகம் காது கொடுத்துக் கேட்கவும் உரிமை தந்தது. கரியாலூரில் இல்லம் வருவதானால் இந்த இரண்டையும் முதல் நாளே எழுதிவிடலாம்: உள்ளே வந்தவரின் ஓ.ஏ.பி. பணம் அவர் பெயரிலேயே அவர் கைக்கே வர வேண்டும். சாப்பாடு, நேரம், வருகை பற்றிய முடிவில் அங்கே இருப்பவர்களுக்கும் ஊர்த் தலைவர்களான ஊர்க்கவுண்டர்களுக்கும் குரல் வேண்டும். அதற்கு முன்னால் மலைமேல் வெள்ளிமலையில் ஒன்று, சேராப்பட்டில் ஒன்று, இன்னாட்டில் ஒன்று என மூன்று சத்துணவு மையங்களில் ஆண்டு முழுக்க முதியோருக்குச் சோறு போட்டு, யார் வருகிறார்கள், யார் வர முடியவில்லை, யாருக்கு இரவில் ஆளில்லை என்று பெயர்ப் பட்டியல் எடுக்கட்டும். கரியாலூரில் எத்தனை கட்டில் என்பதை அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு முடிவு செய்யலாம். 25-கூட அதிகம் என்று தெரியவந்தாலும் வரலாம்.