சிறகிழந்த பறவையும் முகம் மூடிய கையும்: இரவிவர்மாவின் சடாயு ஓவியத்தை எடைபோடல்

உணர்ச்சி மிகுந்த ஓர் ஓவியத்தைச் சிறந்தது என்றோ குறையுடையது என்றோ எவ்வாறு தீர்மானிப்பது? பார்த்தவர் மனம் உருகினார் என்பது மட்டும் போதிய சான்றாகுமா? ஆகாது என்பதே இவ்வுரையின் கருத்து. அவ்வுருக்கம் ஓவியத்திலிருந்து பிறந்ததா, ஓவியம் சுட்டும் கதையிலிருந்து பிறந்ததா என்று பிரித்தறிந்த பின்னரே ஓவியருக்கு உரிய பாராட்டையும் குறையையும் வழங்க இயலும். இதனை விளக்க இராசா இரவிவர்மா தீட்டிய சடாயு வதை ஓவியத்தை எடுத்துக்கொள்வோம்.

இந்த ஓவியத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. குளுவாங், சிகாமட், மூவார் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் சுவரில் மாட்டியிருந்த தெய்வப் படங்களும், இன்றும் மளிகைக் கடைகள் தரும் நாட்காட்டிப் படங்களும் பெரும்பாலும் இரவிவர்மாவின் வழிவந்தவையே. சீதை என்றதும் நம் அகக்கண்ணில் எழும் முகத்தைக் கம்பர் பாதி தந்தார் என்றால், மறுபாதியை அவ்வச்சுப் படங்களே தந்தன. நம் கற்பனைக்கு வடிவம் தந்த ஒன்றை ஆராயாமல் விடுவது முறையன்று.

இரவிவர்மா 1848-இல் திருவிதாங்கூரின் கிளிமானூரில் பிறந்து 1906-இல் மறைந்தார். தியடோர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரண்மனையில் வரைந்ததைக் கண்டு எண்ணெய் வண்ண நுட்பத்தை அறிந்துகொண்டார். 1873-இல் வியன்னாக் கண்காட்சியில் பரிசு பெற்றார். 1894-இல் பம்பாயில் வண்ணக் கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவித் தம் ஓவியங்களை எளிய விலையில் மக்களிடம் சேர்த்தார். 1901-இல் அது செருமானியரான பிரிட்ஸ் ஷ்லைக்கருக்கு விற்கப்பட்டது. அச்சிட்ட படிகளில் மூல ஓவியத்தின் நுண்ணிய ஒளிநிழல் மங்கி, வண்ணம் தடித்துவிடும். ஆதலால் அச்சுப்படியின் குற்றத்தை ஓவியர்மேல் ஏற்றாமல், இரண்டிலும் மாறாது நிற்கும் அமைப்பையே இங்கு நோக்குவோம்.

அமைப்பு எளியது. வானவெளியில் இராவணன் ஒரு கையால் சீதையை அணைத்துப் பிடித்திருக்கிறான். மறு கையில் வாள் ஓங்கி நிற்கிறது. வெட்டுண்ட சிறகு சடாயுவின் உடலை விட்டு வீழ்கிறது, இறகுகள் சிதறுகின்றன, பறவையின் அலகு திறந்திருக்கிறது. சீதை கையால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள்.

இதனை எடைபோடத் தமிழிலேயே ஓர் அளவுகோல் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளையும், ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களையும் வகுக்கிறது. உள்ளத்து உணர்வு உடலின்வழிப் புலப்படுவதே மெய்ப்பாடு. ஓவியனுக்கு உடலையன்றி வேறு கருவி இல்லை. ஆகவே இவ்விலக்கணம் செய்யுளுக்கு உரியதாயினும் ஓவியத்துக்கும் நன்கு பொருந்துகிறது. வெகுளி பிறக்கும் நான்கு களன்களுள் ‘உறுப்பறை’ ஒன்று. அதாவது உறுப்பை அறுத்தல். அழுகைக்குரியவற்றுள் ‘இழவு’ ஒன்று. பெருமிதத்துக்குரியவற்றுள் ‘தறுகண்’ ஒன்று. சடாயுவின் வீழ்ச்சியில் இம்மூன்றும் கூடி நிற்க வேண்டும். இரவிவர்மா எவற்றை எய்தினார் என்பதே வினா.

உறுப்பறையை அவர் முழுமையாக எய்தினார். செருமானியத் திறனாய்வாளர் லெஸ்ஸிங் 1766-இல் வெளியிட்ட ‘லாவோகோன்’ நூலில், ஓவியனுக்குக் கிடைப்பது ஒரே கணம்; அது காண்பவர் கற்பனைக்கு இடம் விட வேண்டும் என்று வாதிட்டார். இங்கே வெட்டு முடிந்துவிட்டது. சிறகு இன்னும் மண்ணைத் தொடவில்லை. பறவையும் தன் இறுதி வீழ்ச்சியைத் தொடங்கவில்லை. அந்த இடைப்பட்ட நொடியில் நம் கண் சிறகுக்கும் உடலுக்கும் இடையே அலைகிறது. இரண்டையும் மீண்டும் பொருத்திவிட மனம் துடிக்கிறது. கதை அறியாதவரும் இதனை உணர்வர்.

அதனினும் உயர்ந்தது சீதையின் கை. கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கிரேக்க ஓவியர் திமாந்தஸ், இபிஜீனியா பலியிடப்படும் காட்சியை வரைந்தபோது சூழ நின்றோர் துயரத்தையெல்லாம் தீட்டிவிட்டுத் தந்தையின் முகத்தை மட்டும் ஆடையால் மறைத்தார் என்பர். மறைக்கப்பட்ட முகம் காட்டப்பட்ட முகத்தை விட அதிகம் பேசும் என்பதற்கு மேலைநாட்டார் இன்றும் அதனையே எடுத்துக்காட்டுவர். சீதையின் கையும் அவ்வினத்தது. தன்னைக் காக்க வந்த ஒரே உயிர் அழிவதை அவளால் காண இயலவில்லை. ஆனால் நாம் கண்டுகொண்டிருக்கிறோம். அவள் பார்க்க மறுக்கும் ஒன்றை நாம் பார்க்கிறோம் என்னும் உறுத்தல், இழவு என்னும் களனைக் காண்பவர் நெஞ்சுக்கே மாற்றிவிடுகிறது.

இனிக் குறைகள். முதற்குறை இராவணன். கொழும்பில் 1877-இல் பிறந்த தமிழ்க் குடும்பத்தவரான ஆனந்த குமாரசுவாமி, இரவிவர்மாவின் புராண ஓவியங்களில் நாடகத்தன்மை மிகுந்து கற்பனை குன்றியிருப்பதாகக் கடுமையாகச் சாடினார். அவர் தீர்ப்பு முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை. சீதையின் கையைப் போன்ற இடங்களுக்கு அதில் நீதி இல்லை. ஆயினும் இந்த இராவணனைப் பொறுத்தவரை அது சரியே. ஒற்றைத் தலையும் முடியும் அணிகலன்களுமாக அவன் மேடையேறிய அரசனாகத் தோன்றுகிறான். பத்துத் தலையை நம்பும்படி வரைவது இயற்கைபோல் தீட்டும் பாணிக்குக் கடினம். அதனால் விட்டார் எனக் கொள்ளலாம். விட்டதன் விலை, அச்சம் என்னும் மெய்ப்பாடு தேய்ந்ததே. வாளைக் கண்டு அஞ்சுகிறோம். வாள் ஏந்தியவனைக் கண்டு அஞ்சவில்லை.

இதனோடு சேர்ந்தது எடையின்மை. கோவில் சுவரோவியத்தில் ஓர் உருவம் வானில் நின்றால் நாம் கேள்வி எழுப்புவதில்லை. அங்கு எல்லாமே குறியீடு. சதைக்குத் திரட்சியும் துணிக்கு மடிப்பும் தந்து மெய்போலவே தீட்டியவுடன், ‘இவர்களைத் தாங்குவது எது?’ என்று கண் கேட்கத் தொடங்குகிறது. தரையில் நிற்பவன்போல் இராவணன் வானில் நிற்பதற்கு ஓவியத்தில் விடை இல்லை. இது சிறு குறையன்று. தானே வருவித்துக்கொண்ட பொறுப்பை ஓவியர் நிறைவேற்றாத இடம்.

பெருங்குறை பறவையிடத்தில் உள்ளது. சடாயு தசரதனின் நண்பன், முதியவன், வெல்ல இயலாது என்று அறிந்தும் எதிர்த்தவன். அவன் தேரைச் சிதைத்த பின்னரே வாள் ஓங்கியது. அந்தத் தறுகண் ஓவியத்தில் எங்கே? கதையை ஒருகணம் மறந்து நோக்குக. அடிபட்ட பெரும்பறவை ஒன்று தெரிகிறது. அது விரும்பி ஏற்ற போர் தெரியவில்லை. சிதைந்த தேரின் ஒரு துண்டோ, நகம் கீறிய வடுவோ இராவணன் மேனியில் அழுத்தமாகத் தெரிந்திருந்தால் போதும். இரக்கத்துக்குரிய பறவை வணக்கத்துக்குரியதாக உயர்ந்திருக்கும். பெருமிதத்தை நாம் கதையிலிருந்து கொண்டுவந்து நிரப்புகிறோம். மலாய் மொழியிலும் இப்பறவைக்கு ‘ஜெந்தாயு’ என்று பெயருண்டு. மழைக்காகக் காத்திருக்கும் பறவையாக உவமையிலும் அது வழங்குகிறது. அந்த ஏக்கத்தை மட்டும் அறிந்த அண்டை வீட்டாரிடம் இவ்வோவியத்தைக் காட்டினால் அவர் இரங்குவார். எதற்காக வணங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது.

சிலர் வேறொரு குறை கூறுவர். கம்பர் கண்ட இராவணன் சீதையைத் தீண்டாது, குடிலிருந்த நிலத்தோடு பெயர்த்தெடுத்தான். இங்கோ கையால் பற்றியிருக்கிறான் என்பது அவர்தம் வருத்தம். ஓவியர் வான்மீகியின் வழி நின்றார் என்பதே அதற்கு விடை. அன்றியும், பெயர்த்த நிலத்தோடு வரைந்திருந்தால் அந்தக் கை முகத்தருகே எழுந்திருக்கும். ஆனால் அவளைப் பிடித்திருக்கும் மற்றொரு கையின் இறுக்கம் இல்லாமல் அதற்கு இத்துணை வலிமை வாய்த்திராது. நூலோடு ஒவ்வாமை வேறு, ஓவியத்தின் குறை வேறு.

ஆக, வெகுளியும் அழுகையும் இவ்வோவியத்தின் சொந்த ஈட்டம், அச்சம் அரைகுறை, பெருமிதம் கடன்.