வீழ்ந்த மரமும் வாழும் மரமும்

ஆலமரத்தைத் தாங்குவது அதன் அடிமரமே என்று எண்ணுவது இயல்பு. சென்னை அடையாற்றில், பிரம்மஞான சபை வளாகத்திலுள்ள தொன்மையான ஆலமரம் அவ்வெண்ணத்தை மாற்றியது. 1989ஆம் ஆண்டு வீசிய புயற்காற்றில் அதன் அடிமரம் சாய்ந்தது, மரமோ மடியவில்லை. மண்ணில் ஊன்றித் தண்டுகளாகத் திரண்டிருந்த விழுதுகள் கிளைகளைத் தாங்கின. இலைகளுக்கு நீரையும் அளித்தன. புயலில் சாய்ந்த மரங்கள் யாவும் இறந்தவை அல்ல என்பதற்கு இதுவே சான்று.

நகரில் மரங்கள் சாய்வது ஏன்?

2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மிகுந்த விரைவில் வீசிய காற்றில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரொடு பெயர்ந்தன. நகரத்துச் சாலையோர மரங்களைச் சுற்றிச் சிமெண்ட் தளம் மூடியிருப்பதால் வேர்கள் பரவ இடமில்லை. கம்பிவடங்களும் குழாய்களும் பதிக்கத் தோண்டும்போது வேர்கள் அறுபடுகின்றன. பிடிப்பிழந்த மரம் காற்றை எதிர்த்து நிற்பது அரிது.

மரமும் புல்லும்

உள்ளே வைரம் உடையதை மரம் என்றும், புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. இதன்படி தென்னையும் பனையும் புல்லினம். புயலுக்குப் பின் இப்பகுப்பு பெரிதும் பயன்படும். தென்னைக்கு வளர்நுனி ஒன்றே. மட்டைகள் முறிந்தாலும் குருத்து நலமாயிருந்தால் அது பிழைக்கும், குருத்து முறிந்தால் மீளாது. வேம்பு, புங்கம் போன்றவற்றிலோ பட்டைக்கு அடியில் கேம்பியம் என்னும் வளர்திசு உள்ளது. கிளைகள் முறிந்தாலும் அவை மீண்டும் துளிர்க்க வல்லவை.

பேணும் முறை

புயலடித்த ஊரில் புதிதாக நிலம் வாங்கியவர், சாய்ந்த மரங்களைக் கண்டதும் நிலத்தைத் துப்புரவாக்கவே விரைவார். எனினும், முதலில் அகற்ற வேண்டியவை அந்தரத்தில் தொங்கும் கிளைகளும், வீட்டின் மீதோ வழியின் மீதோ விழக்கூடிய, அடிமரம் பிளந்த மரங்களுமே. முறிந்த கிளையை, அது தண்டோடு சேரும் புடைப்புக்குச் சற்று வெளியே வழுவழுப்பாக அறுக்க வேண்டும். வெட்டுவாயில் தாரோ வண்ணமோ பூச வேண்டியதில்லை. மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். வேர் பெயர்ந்த இளமரத்தின் வேர்களை ஈரச் சாக்கால் மூடிக் காத்து, விரைவில் நிமிர்த்தி, மண் அணைத்து, முட்டுக்கொடுக்க வேண்டும்.

ஐயத்திற்குரிய மரத்தின் பட்டையை நகத்தால் சிறிது கீறினால், உள்ளே தெரியும் பசுமை அதன் உயிரைக் காட்டும். கார்த்திகைப் புயலில் இலையிழந்த வேம்பு பங்குனியில் துளிர்ப்பதுண்டு. இடர் விளைவிக்காத மரத்திற்கு அந்நான்கு திங்கள் தவணை அளிப்பதே முறை. முதிர்ந்த மரத்தை வெட்ட ஒரு பகல் போதும். அதன் இடத்தில் நடும் கன்று அதே நிழலைத் தர ஒரு தலைமுறை வேண்டும்.