வழுவினால் நிற்கும் பொறி

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை அறியாதார் இலர். எத்துணை முறை சாய்த்தாலும் அது தானே எழுந்து நிற்கும். அடிப்பாகம் வளைந்தும் கனத்தும் இருப்பதே காரணம். பொம்மை எதனையும் அறிவதில்லை. பாரமே அதனை நிமிர்த்துகின்றது.

பன்விலவில் என் மாணவன் ஒருவன் சென்ற விடுமுறையில் இயற்றிய ரோபோ இதற்கு நேர்மாறானது. இரண்டே சக்கரங்கள், அவற்றின்மேல் ஒரு சாண் உயரத் தட்டடுக்கு, உச்சியில் மின்கலம். அது முன்புறம் சாயத் தொடங்கின், சக்கரங்களும் முன்னோக்கி ஓடி உச்சியின்கீழ் வந்து தாங்குகின்றன. உள்ளங்கையிற் கோலை நிறுத்தி விளையாடும் சிறுவனின் கை செய்யும் தொழிலே இது. அறிவியலார் இதனைத் தலைகீழ் ஊசல் என்பர். 2001 ஆம் ஆண்டில் அமெரிக்கரான டீன் கேமன் உலகுக்குக் காட்டிய செக்வே வண்டியும் இந்நெறியில் நின்றதே. மலைச்சரிவிற் கொழுந்துக் கூடையுடன் முன்சாய்ந்து ஏறும் நம் தோட்டத்துப் பெண்டிர்க்கோ இக்கணக்குக் கல்லாமலே கைவந்தது.

“பாரம் கீழே இருந்தாலன்றோ நல்லது, தம்பி?” என்றேன்.

“இல்லை ஐயா. உயரத்திற் பாரம் இருந்தால் ஆறுதலாகவே சாயும். திருத்த நேரம் கிடைக்கும். பென்சிலைக் கையில் நிறுத்துவது கடினம், நெடுங்கம்பை நிறுத்தலாம்” என்றான்.

பொறியின் அகத்தை நோக்குவோம். விரல் நகத்தினும் சிறிய சில்லொன்றில் ஆர்முடுகல்மானியும் ஜைரோஸ்கோப்பும் அடங்கியுள்ளன. முன்னது சாய்வைக் கூறும். ஆயின் சிறு அதிர்வுக்கும் கலங்கும். பின்னது திரும்பும் விரைவைத் தெளிவாகக் கூறும். ஆயின் நேரஞ் செல்லச் செல்ல அதன் கணக்கு நெறி விலகும். ஒன்றன் குறையை மற்றொன்றால் ஈடுசெய்து சாய்வைத் துணிகின்றது, 2005 இல் இத்தாலியில் மாணவர் பொருட்டுத் தோன்றிய ஆர்டுவினோ என்னும் சிறு பலகை. நொடிக்கு நூறு முறையேனும் அது மோட்டார்களுக்கு ஆணையிடுகின்றது.

நிமிர்நிலைக்கும் உள்ள நிலைக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை ‘வழு’ என்றான் மாணவன். யான் திடுக்குற்றேன். நன்னூலார் கூறிய எழுவகை வழுவையும் முப்பது ஆண்டுகளாகக் கற்பித்தவன் யான். வழுவெனின் எனக்குச் சிவப்பு மையே நினைவில் எழும். பொறிக்கோ வழுவே வழிகாட்டி. வழுவை அறியாதாயின் அது ஒரு கணமும் நில்லாது.

இன்னொன்றும் கண்டேன். திருத்தும் விசை குறைந்தால் பொறி மெல்லச் சாய்ந்து வீழ்கின்றது. விசை மிகுந்தாலோ நடுநடுங்கி, முன்னும் பின்னும் ஆடி, அப்பொழுதும் வீழ்கின்றது. தக்க அளவைக் காணும்வரை அவன் பொறி வீழ்ந்த தடவைகளுக்குக் கணக்கில்லை.

பல்லாண்டுகளுக்கு முன், லயத்திலிருந்து வந்த சிறுவன் ஒருவன் மேடையிற் பேசுகையில் வீட்டுப் பேச்சு இடைகலந்தது. அவையறிய இடித்துரைத்தேன். அதன்பின் அவன் என் வகுப்பில் வாய் திறந்திலன். மறு ஆண்டு பள்ளிக்கும் வந்திலன். காரணம் யானே என்று துணியேன். யான் அல்லேன் என்றும் துணியேன்.

சென்ற வாரம் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்தப் புகுந்தேன். சிவப்பு மையை ஒதுக்கினேனல்லேன், வழு வழுவே. ஆயினும் கோடிட்ட இடந்தோறும், அது ஏன் வழுவாயிற்று என ஒரு வரி எழுதினேன். முப்பத்தைந்து கொப்பிகளுக்கு இரண்டு இரவுகள் சென்றன. ஆசிரிய அன்பர்களே, அவ்விரவுகள் வீணென்று எனக்குத் தோன்றவில்லை.