நாய்க்கு மனித முகம் வேண்டாம்

புதிதாக வரையத் தொடங்குபவர்கள் நாய் படம் என்றதும் முதலில் போடுவது இரண்டு கண்களைத்தான். பாதாம் வடிவில் இமை, நடுவில் கருவிழி, இருபுறமும் வெள்ளை. பிறகு மூக்கு, வாய், தொங்கும் நாக்கு. முடித்துவிட்டுப் பார்த்தால், காது முளைத்த ஒரு மனிதர் தாளிலிருந்து முறைத்துக்கொண்டிருப்பார். கை பழகாதது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய மனித முகம் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. எதிரே நாய் உட்கார்ந்திருந்தாலும் கை அந்தப் பழைய முகத்தையே போட்டுவிடுகிறது.

மனித முகம் ஏறக்குறையத் தட்டையானது. நாயின் முகம் அப்படியல்ல. மண்டை பின்னால் நிற்க, மூஞ்சி முன்னால் நீண்டு வருகிறது. இந்த நீளம்தான் இனத்துக்கு இனம் மாறுகிறது. சிப்பிப்பாறை, கிரேஹவுண்ட் போன்ற வேட்டைநாய்களுக்கு மண்டை ஒடுங்கி, மூஞ்சி நீண்டிருக்கும். லாப்ரடாருக்கு நடுத்தரம். பக் நாய்க்கு மூஞ்சியே உள்ளே அமுங்கிவிட்டதுபோல் இருக்கும். நெற்றி இறங்கி மூஞ்சியோடு சேரும் இடத்தில் உள்ள பள்ளத்தையும் கவனிக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் லாப்ரடாருக்கு அது தெளிவாகத் தெரியும். கிரேஹவுண்டுக்கு நெற்றியும் மூக்கும் கிட்டத்தட்ட ஒரே சரிவில் ஓடும். இந்த இரண்டும் சரியாக அமைந்தால், ஒரு முடிகூட வரையாமலே எந்த நாய் என்று சொல்லிவிடலாம்.

அதனால் தொடக்கம் ஒரு வட்டம். அது மண்டை. எச்பி பென்சிலால் அழுத்தாமல் போட வேண்டும், பின்னால் அழிக்கப்போகும் கோடு அது. வட்டத்துக்குள் நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று என இரண்டு கோடுகள். நெடுக்குக்கோடு முகத்தை இரண்டாகப் பிரிக்கும். குறுக்குக்கோட்டை ஒட்டிக் கண்கள் வரும். பெரிய வட்டத்தின் கீழ்ப்பகுதியில் இன்னொரு சிறிய வட்டம் போட்டால் அது மூஞ்சி. அதன் மேல்பகுதியில் மூக்கு. மூக்கின் அடியிலிருந்து கீழே ஒரு சிறு கோடு இறங்கி, இருபுறமும் வளைந்து பிரிந்தால் வாய். காதுகளை முக்கோணமாகக் குறித்துவைத்து, நிமிர்ந்ததா மடிந்ததா என்பதைப் பிறகு முடிவுசெய்யலாம்.

தலை சாய்ந்திருந்தால் என்ன செய்வது? முதலில் அந்த இரண்டு கோடுகளைச் சாய்க்க வேண்டும். கண், மூக்கு, வாய் எல்லாம் கூடவே சாய்ந்துகொள்ளும். தலை நிற்கும் கோணமே எவ்வளவு பேசும் என்பதற்குப் பழைய எச்எம்வி இசைத்தட்டில் இருக்கும் நாய் நல்ல உதாரணம். நிப்பர் என்ற அந்த நாயை இங்கிலாந்து ஓவியர் பிரான்சிஸ் பராட் வரைந்தார். குழாய்க்குள்ளிருந்து வரும் குரலை அது உற்றுக் கேட்கிறது என்பது, குழாயை நோக்கித் திரும்பிய அந்தத் தலையிலேயே தெரிந்துவிடுகிறது. அந்தப் படத்தில் நாய் பக்கவாட்டில் இருப்பதையும் கவனிக்கலாம். புதியவர்களுக்கு எளிதான கோணமும் அதுதான். நேர்முகம் கடினம், நம்மை நோக்கி நீளும் மூஞ்சியை அங்கே நிழலால்தான் காட்ட முடியும்.

கண்ணுக்கு வருவோம். நாயின் கண்ணில் வெள்ளை பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. இமைகளுக்கு நடுவே தெரிவதெல்லாம் விழிதான். நாலாபுறமும் வெள்ளை விட்டால் நாய் மிரண்டுபோனதுபோல் ஆகிவிடும். கண்பாப்பா வட்டமானது, பூனைக்குப் போல் கீறலாக ஒடுங்காது. கண்ணின் உள்முனை மூக்கை நோக்கிச் சற்றுக் கீழிறங்கி, கருமையாக முடியும். விழியின் மேல்பாதி இமையின் நிழலில் இருண்டிருக்கும். வெளிச்சம் விழும் ஒரு சிறு புள்ளியைத் தாளின் வெள்ளையாகவே முதலில் ஒதுக்கிவிட்டு, சுற்றிலும் 4பி பென்சிலால் கருமையேற்ற வேண்டும். இரண்டு கண்களிலும் அந்தப் புள்ளி ஒரே பக்கம் இருந்தால்தான் பார்வை சேரும்.

பாவமான பார்வை வேண்டுமென்றால் புருவத்தின் உள்பக்கத்தை உயர்த்தினால் போதும். அதற்கென்றே நாய்க்கு ஒரு தசை இருக்கிறது. நாய்களையும் ஓநாய்களையும் ஒப்பிட்டு 2019-ல் வெளியான உடற்கூறு ஆய்வு, ஓநாய்களில் அந்தத் தசை சரியாக வளர்ந்திருக்கவில்லை என்று காட்டியது. மனிதரோடு வாழ்ந்த காலத்தில் வந்த மாற்றமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

முடியை ஒவ்வொன்றாக வரைவது வீண்வேலை. அது போகும் திசைதான் முக்கியம். மூக்கை ஒட்டி மிகக் குட்டையாகத் தொடங்கி, கண்களுக்கு நடுவே நெற்றியை நோக்கி ஏறும். கன்னத்தில் வெளிப்புறமாக ஓடும். நிழல் விழும் இடங்களில் மட்டும் அந்தத் திசையில் சின்னச் சின்னக் கீற்றுகள் இட்டால், மீதியைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

இந்தப் பாடம் முழுவதையும் சோதித்துப்பார்க்க ராஜபாளையம் நாய் பொருத்தமானது. 2005-ல் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நாய் இனத் தபால்தலைகளில் இதுவும் ஒன்று. பால்வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, மடிந்து தொங்கும் காது. வெள்ளைத் தாளில் வெள்ளை நாயை எப்படி வரைவது என்று பலர் திகைத்து, கடைசியில் சுற்றிலும் தடித்த கோடு போட்டுவிடுவார்கள். கோடு வேண்டாம். தலைக்குப் பின்னால் இருக்கும் இடத்தை 2பி பென்சிலால் இலேசாக இருட்டாக்கினால் வெள்ளை முகம் தானாக முன்னுக்கு வரும். காதின் அடி, தாடையின் கீழ், கண்குழி ஆகிய இடங்களில் மட்டும் சாம்பல் நிழல் போதும். மூக்கு இளஞ்சிவப்பு என்பதால் அதை மற்ற நாய்களுக்குப்போல் கரியாக்கக் கூடாது. நாசித்துவாரங்களை மட்டும் கருப்பாக்கி, மீதியை நடுத்தரச் சாம்பலில் விட வேண்டும்.

போட்டோ பார்த்து வரைபவர்கள் நாயின் கண் உயரத்துக்குக் குனிந்து, சற்றுத் தள்ளி நின்று எடுத்துக்கொள்வது நல்லது. செல்போனை மூஞ்சிக்கு அருகில் கொண்டுபோனால் மூக்கு பூதாகரமாகி, காதுகள் சுருங்கிவிடும். கோடுகளை வரைந்து முடித்ததும் தாளைத் தலைகீழாகத் திருப்பியோ கண்ணாடியில் காட்டியோ பார்க்கலாம். பழகிய படம் புதிதாகத் தெரியும். ஒரு கண் மேலேறியிருந்தாலும் வாய் கோணியிருந்தாலும் அப்போது பளிச்சென்று பிடிபடும், நிழல் இன்னும் அழுந்தாத நிலையில் திருத்துவதும் சுலபம்.